மூன்றாவது பெட்டி மாவு

நஸ்ருன்னிசா பயந்த சுபாவம். ராயப்பேட்டையில் அவள் குடியிருக்கும் சந்தில் எல்லாருக்கும் இது தெரியும். காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். மகள் ரூபீனா வேலைக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம் போன் போட்டு, "பஸ் கிடைச்சிதா?" என்பாள். கிடைத்துவிட்டது என்றால், "உட்கார இடம்?" என்பாள். உட்கார்ந்துவிட்டேன் என்றால், "கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே" என்பாள். ரூபீனாவுக்கு இருபத்துநாலு வயது.

"உங்கம்மாவுக்கு ஒருநாள் பயப்பட ஒண்ணுமே இல்லேன்னு வெச்சுக்கோ, இன்னா ஆகப்போகுதோன்னு அன்னிக்கு அதுக்கும் பயந்துக்கினு இருப்பா" என்று மகளிடம் சொல்வார் நஸ்ருன்னிசாவின் கணவர் மெஹபூப் பாஷா. சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் போடுவது அவர் தொழில். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஷட்டர் கடை. நாள் முழுக்க ஃபோம் வெட்டி, ரெக்சின் இழுத்து ஆணி அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

இப்படிப்பட்டவள் ஊருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிற வேலையில் இறங்கியதே தற்செயல்தான். ஏழு வருடம் முன்பு அடையாறில் ஒரு பங்களாவுக்கு சோபா துணி மாற்றப் போயிருந்தார் மெஹபூப் பாஷா. அந்த வீட்டு அம்மாள் வெளிநாட்டுக்குக் குடிபோகிற அவசரத்தில், "இதையும் எடுத்துட்டுப் போங்க பாய்" என்று ஒரு ஓவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஷாக் அடிக்குமோ என்று நஸ்ருன்னிசா ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ரூபீனா போனில் வீடியோ போட்டுக் காட்ட, முதலில் கேக் செய்தாள். சுமாராக வந்தது. அடுத்து ஆப்பிள் பை செய்தாள். அது அமைந்துவிட்டது.

மைதாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்த ஓட்டுக்குள், சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டு வதக்கிய ஆப்பிளை நிரப்பி, மேலே ஓட்ஸ் தூவி வேகவைக்கிற பண்டம் அது. அவள் பை ஆர்டர் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்ட கீழ்வீட்டு ஹம்சா, "எனக்குக் காய்கறி வாங்கிட்டு வர்ற மாதிரி பெருசா ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்று கேட்டாள். சந்தே சிரித்தது.

அந்தப் பண்டத்தின் ருசி முழுக்க ஓட்டில்தான் இருக்கிறது. பிசையும்போது வெண்ணெய் உருகிவிட்டால் ஓடு ரப்பராகிவிடும். மெட்ராஸ் வெயிலில் வெண்ணெய் உருகாமல் பிசைவதென்றால் விளையாட்டா? மைதாவை முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்து, விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு ஐஸ் தண்ணீர் விட்டு, விரல் சூடு மாவில் இறங்குவதற்குள் பிசைந்து முடித்துவிடுவாள் நஸ்ருன்னிசா. கோபாலபுரத்தில் பத்துப் பதினைந்து வீடுகள் அவளுக்கு வாடிக்கை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அந்த ஓடு உங்க கைக்குத்தான் வரும்.

இந்த ஜனவரியில் அந்தக் கைதான் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் இரண்டு விரல்கள். ஒருநாள் சப்பாத்திக் கட்டை நழுவிக் காலில் விழுந்தது. மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது, மூன்று மாதம் மாவு பிசையவே கூடாது, குறையாவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் நஸ்ருன்னிசா காதில் ஏறவில்லை. ரூபீனாதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆர்டர்களை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. அது ஸ்வர்ணலதாவுடையது.

ஸ்வர்ணலதாவின் குடும்பத்துக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கோபாலபுரத்தில் சொந்த வீடு. சுத்த சைவம். முட்டை பட்ட பாத்திரம்கூட வாசல் தாண்டாது. அந்த வீட்டில் வெளியிலிருந்து சமைத்த பண்டம் ஒன்று உள்ளே போகிறது என்றால் அது நஸ்ருன்னிசா செய்தது மட்டும்தான். ஸ்வர்ணலதா முதல் தடவை அவள் வீட்டுக்கே வந்து, சைவத்துக்கென்று அவள் தனியாக வைத்திருந்த தட்டு, கரண்டி, டின்களை எல்லாம் பார்த்துவிட்டுப் போனவள். அன்றிலிருந்து, "கடையில எதுல எதைச் சேர்க்கிறானோ! நஸ்ரு கையில வாங்கினா எனக்கு நிம்மதி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அவள் மகளைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் ஹரி அமெரிக்காவில் படித்தவன். அவர்களும் சைவம். "அஞ்சு ஆப்பிள் பை வேணும் நஸ்ரு. நீங்க இல்லேன்னு சொல்லிராதீங்க" என்றாள் போனில். நஸ்ருன்னிசா கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, "சரி, வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டாள் ஸ்வர்ணலதா.

"இதுக்கா இவ்ளோ யோசனை? ரெடிமேட்ல வருது அம்மி" என்றாள் ரூபீனா. மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறாள். "அலுமினியத் தட்டுலயே மாவை விரிச்சு ஃப்ரீஸ் பண்ணி விக்கிறாங்க. வெளிநாட்டுச் சரக்கு. தி.நகர்ல ஒரு கடையில பார்த்திருக்கேன்."

"அதுல என்னென்ன போட்டிருப்பானோ."

"பெட்டியில சைவம்னு பச்சைப் புள்ளி இருந்தாத்தான் வாங்குவேன். போதுமா?"

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மூன்று பெட்டி வாங்கிவந்தாள். பெட்டிக்கு இரண்டு ஓடு, மொத்தம் ஆறு. இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார்கள்.

ஞாயிறு காலை நடந்தது நஸ்ருன்னிசாவுக்கு நம்பவே முடியவில்லை. மாவு பிசையவில்லை, உருட்டவில்லை, தேய்க்கவில்லை. தட்டோடு இருந்த ஓட்டை முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அது உப்பாமல் இருக்கக் கொண்டைக்கடலையைக் கொட்டி, கால் மணி நேரம் ஓவனில் வைத்தாள். பேப்பரையும் கடலையையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், ஓரம் பொன்னிறமாக, ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. ஆப்பிளை ரூபீனா நறுக்கித் தந்தாள். வதக்கிக் கிளறியது இடது கையால். மூன்று மணி நேரக் கைவேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஓவனில் இரண்டிரண்டாகத்தான் போகும் என்பதால் மீதி நேரம் காத்திருந்ததுதான்.

இவ்வளவு சுலபமாக வந்ததே அவளுக்கு உறுத்தியது. கஷ்டப்படாமல் வந்த பேரை எப்படி வாங்கிக்கொள்வது? "ரெடிமேட்னு அக்கா கிட்ட சொல்லிடலாமா?" என்று ரூபீனாவிடம் கேட்டாள்.

"ருசி நல்லாருக்கான்னு முதல்ல பாரு" என்று ஆறாவது பையை அறுத்து மூன்று தட்டில் வைத்தாள் ரூபீனா. மெஹபூப் பாஷா இரண்டு துண்டு சாப்பிட்டார். "நீ செய்யறது மாதிரியேதான் கீது" என்றார். அது பாராட்டா இல்லையா என்று நஸ்ருன்னிசாவுக்குப் புரியவில்லை. பதினோரு மணிக்கு அவர் ஐந்தையும் அட்டைப்பெட்டியில் வைத்து, நடுவில் ஃபோம் துண்டு சொருகி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பெட்டிகளைக் குப்பைக்காகத் தட்டையாக மடிக்கும்போதுதான் நஸ்ருன்னிசா பார்த்தாள். மூன்றிலும் மேலே அதே படம். முதல் இரண்டில் இங்கிலீஷ் எழுத்து, பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பச்சைப் புள்ளி. மூன்றாவதில் வேறு ஏதோ பாஷை. ஸ்டிக்கர் இல்லை. ஈரத்தில் அது உரிந்து வந்தபோது அட்டையின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

"ரூபீனா."

அந்தக் குரலைக் கேட்டு ரூபீனா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணும் ஒண்ணு மேல ஒண்ணா இருந்துச்சு அம்மி. மேல இருந்ததைத்தான் படிச்சேன். மத்ததை அப்படியே எடுத்துட்டேன்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

போன் கேமராவை அதன் மேல் பிடித்தாள். எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தமிழாக மாறின. கோதுமை மாவு. தண்ணீர். உப்பு. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை: கொழுப்பு. என்ன கொழுப்பு என்று சொல்லவேண்டிய இடம் பிய்ந்து போயிருந்தது.

வெளிநாட்டில் சில கம்பெனிகள் இந்த ஓட்டுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்று நஸ்ருன்னிசா ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறாள். ரூபீனாவும் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அதை வாயால் சொல்லவில்லை. நஸ்ருன்னிசா குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. வயிற்றுக்குள் அது எங்கே இருக்கிறது என்று அவளால் உணர முடிவதுபோல் இருந்தது.

"எந்த ரெண்டு ஓடு இந்தப் பெட்டியில இருந்தது?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்.

கடைக்குப் போன் போட்டாள் ரூபீனா. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை ஒருவன் எடுத்து, "சண்டே கூட்டம் மேடம், நேர்ல வந்து பாருங்க" என்று வைத்துவிட்டான்.

"நான் போய்ட்டு வர்றேன். அதே பெட்டி இன்னொண்ணு இருக்கும். அதுல ஸ்டிக்கர் இருக்கும்" என்று செருப்பை மாட்டினாள்.

மெஹபூப் பாஷா அப்போதுதான் விஷயத்தைக் கேட்டு அடுப்படி வாசலில் நின்றார். "தெரியாம நடந்ததுக்கு அல்லாஹ் புடிக்க மாட்டான் நஸ்ரு. நீ உக்காரு. அது போய்ப் பார்த்துட்டு வரட்டும். ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சா அந்தம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம் சொல்லிக்கினு?"

"அதுக்குள்ள சாப்பிட்டுட்டாங்கன்னா?"

"நாலு மணிக்குத்தானே வராங்க?"

"வீட்டுல குழந்தைங்க இருக்கு. யாராவது ஒரு துண்டு கேட்டா?"

ஸ்வர்ணலதாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள். மணி பன்னிரண்டரை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அன்று பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் மெஹபூப் பாஷா இருந்தார் என்பதுகூட அவள் நினைவில் இல்லை.

ராயப்பேட்டையிலிருந்து கோபாலபுரம் நடக்கிற தூரம்தான். அந்த வெயிலில் அவளுக்கு அது முடியாத வழியாக இருந்தது. என்ன சொல்வது என்று நடந்துகொண்டே கோர்த்துப் பார்த்தாள். பன்றி என்ற வார்த்தையை அந்த வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வது? நாளைக்குத் தெருவே சொல்லும்: பாய் வீட்டம்மா சைவ வீட்டுக்கு எதையோ கொடுத்துவிட்டாள் என்று. தெரியாமல் நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? ரூபீனாவின் கல்யாணம், மெஹபூப் பாஷாவின் கடை, சந்தில் அவர்களுடைய முப்பது வருடக் குடித்தனம் எல்லாம் அந்த நாலு தெரு நடைக்குள் அவள் கண்முன் விழுந்து நொறுங்கின. ஒரு தடவை நின்றேவிட்டாள். திரும்பிவிடலாம், ரூபீனா போன் பண்ணட்டும் என்று தோன்றியது. ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்க, ஒதுங்கி, அப்படியே முன்னால் நடந்தாள்.

கேட் திறந்திருந்தது. ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்வர்ணலதா தலையில் பூவோடு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அட நஸ்ரு! இப்பத்தான் உங்களை நினைச்சேன். பை பிரமாதம். மாமாவுக்குப் பொறுக்கல, ஒரு துண்டு குடு, ஒரு துண்டு குடுன்னு வாங்கிச் சாப்பிட்டுட்டாங்க."

ஊஞ்சலில் அவள் மாமனார் சிதம்பரநாதன் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, நெற்றி நிறைய விபூதி, மடியில் காலித் தட்டு. நஸ்ருன்னிசாவைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று தட்டைத் தூக்கிக் காட்டினார்.

நஸ்ருன்னிசா ஸ்வர்ணலதா பக்கம் திரும்பினாள். "அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

அடுப்படியில், கொதித்துக்கொண்டிருந்த பாயசத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். கை மரத்துப்போனதிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர், ரெடிமேட் மாவு, மூன்று பெட்டி, பிய்ந்த ஸ்டிக்கர். கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லாமல், "என்ன கொழுப்புன்னு தெரியல அக்கா. மிருகக் கொழுப்பா இருந்தாலும் இருக்கலாம். எனக்கும் அது ஆகாது. நாங்களும் சாப்பிட்டுட்டோம்" என்றாள்.

பாயசம் பொங்கியது. ஸ்வர்ணலதா எட்டி அடுப்பைக் குறைத்தாள்.

"நீங்க பிசையலையா?" என்றாள்.

இந்தக் கேள்வியை நஸ்ருன்னிசா எதிர்பார்க்கவில்லை. "இல்லக்கா."

"நீங்க பிசைஞ்சதுன்னுதான் மாமாவுக்குக் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் குரலில் கோபமே இல்லை. "வெளிய சொல்லாதீங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா அந்த மனுஷன் ஒரு மாசம் சாப்பிட மாட்டாரு" என்றாள் ஸ்வர்ணலதா. மேடையில் வரிசையாக இருந்த நாலு பையையும், அறுத்த ஐந்தாவதையும் பார்த்தாள். எடுத்து வெளியே வைக்கவும் இல்லை, தொடவும் இல்லை. "உட்காருங்க" என்று ஒரு முக்காலியைக் காட்டினாள். நஸ்ருன்னிசா உட்காரவில்லை. சுவரோரமாகப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள். வீட்டுப் பெண்கள் வந்து தட்டு எடுத்துப் போனார்கள், தண்ணீர் எடுத்துப் போனார்கள். ஒவ்வொருத்தி வரும்போதும் அந்தப் பையைத் தொட்டுவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்தாள்.

ஒன்றே முக்காலுக்கு ரூபீனாவின் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். "அம்மி, ஃப்ரீசர் அடியில அதே பாஷையில ரெண்டு பெட்டி இருக்கு. ஸ்டிக்கர் இருக்கு. பாமாயில்தான். பச்சைப் புள்ளியும் இருக்கு."

"அதே பெட்டிதானா? வேற கம்பெனி மாதிரி இருந்தா?"

"நம்ம பெட்டியைப் போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன். பேட்ச் நம்பர் ஒண்ணு. தேதி ஒண்ணு. மருந்துக்குப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு நம்பரா பார்த்துட்டேன். நேத்தே இப்படிப் பார்த்திருக்கணும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

போட்டோக்கள் வந்தன. ஸ்வர்ணலதா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கி, ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். இரண்டு பெட்டியின் நம்பரையும் விரலால் தொட்டு ஒப்பிட்டாள். அப்புறம்தான் முக்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"நீங்க வந்து சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு நஸ்ரு" என்றாள். "உங்களைச் சொல்லல. அந்த முதல் தடவைக்கு அப்புறம் நான் ஒண்ணும் பார்க்காமலே இத்தனை வருஷம் வாங்கிட்டிருந்திருக்கேன்."

எழுந்து கத்தியை எடுத்தாள். அறுத்த பையிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். "நாலு மணிக்கு இதைத்தான் வைக்கப் போறேன். நீங்க போய்ப் படுங்க. முகமே சரியில்ல" என்றாள். பாயசம் ஒரு டம்ளர் கொடுத்தாள். இடது கையில் வாங்கினால் மரியாதை இல்லை என்று நஸ்ருன்னிசா மரத்த வலது கையால் வாங்க, டம்ளர் ஆடிக் கொஞ்சம் துப்பட்டாவில் சிந்தியது.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்திருந்தாள். "நல்லதுதான் பண்ணே" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார் மெஹபூப் பாஷா. மூன்றாம் நாள் எழுந்து, தன் வாடிக்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி எழுதச் சொன்னாள். ரூபீனா எழுதினாள்: கை சரியில்லாததால் இனி ரெடிமேட் ஓட்டில்தான் செய்வேன், என்ன மாவு என்று முன்கூட்டியே போட்டோ அனுப்புவேன். நாலு வீடு பதிலே போடவில்லை. ஒரு வீட்டில், அப்படியென்றால் நாங்களே வாங்கிச் செய்துகொள்கிறோமே என்றார்கள். அவர்களுக்குக் கொண்டைக்கடலை போடுவதையும், அதற்கு முன்னால் ஓட்டின் மேல் முள்கரண்டியால் குத்தவேண்டியதையும் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள்.

ஸ்வர்ணலதாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஹரி வீட்டுச் சம்பந்தம் கூடிவரவில்லை என்று ஹம்சா மூலமாகத் தெரிந்தது. பையனுக்கு மெட்ராஸ் திரும்பி வர இஷ்டமில்லையாம். தன் பைதான் காரணமோ என்று நஸ்ருன்னிசா அதற்கும் நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஏழு வாரம் கழித்துப் போன் வந்தது. அதற்குள் மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகித் தையலும் பிரித்திருந்தார்கள்.

"கை எப்படி இருக்கு நஸ்ரு?"

"தேவலாம்க்கா. பிசையத்தான் இன்னும் கூடாதுங்கறாங்க."

"மாமா விடமாட்டேங்கறாங்க. அந்தம்மா பை எங்க, அந்தம்மா பை எங்கன்னு ஒரே தொல்லை. ஒண்ணு பண்ணுங்க. ரெடிமேட்லயே பண்ணுங்க. பெட்டியைத் தூக்கிப் போட்டுராம பையோட சேர்த்துக் குடுத்து அனுப்புங்க. நான் படிச்சுக்கிறேன்."

"நான் எப்பவும் போட்டோ அனுப்புறேனேக்கா."

"போட்டோ வேண்டாம். பெட்டி வேணும்."

நஸ்ருன்னிசாவுக்கு அது குத்தியது. சரிதான் என்றும் பட்டது. மறுநாள் காலை ரூபீனாவை அனுப்பாமல் தானே தி.நகர் போனாள். ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பின்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். குளிரில் தையல் போட்ட இடம் விண்ணென்று வலித்தது. "மேடம், கதவை மூடுங்க, ஐஸ் உருகுது" என்றான் கடைக்காரப் பையன். "இருப்பா, இன்னும் ஒண்ணு" என்று ஐந்தாவது பெட்டியை எடுத்தாள்.